கழுத்துக்கு வந்த ஊசி: யார் மேல் சோதித்தார்கள்?

(பிடோக் வட்டாரத் தமிழ் அன்பர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கழுத்து. கழுத்தில் அணியும் நகையைப் பற்றிப் பேச வரவில்லை. கழுத்தையே பற்றிப் பேச வந்திருக்கிறேன். வயது ஏறும்போது கழுத்தில் மேலிருந்து கீழாகப் புடைத்துத் தெரியும் பட்டைகளைப் பற்றியும், அவற்றை அமுக்க இன்று போடப்படும் ஊசியைப் பற்றியும், அந்த ஊசியை யார் மேல் எப்படிச் சோதித்தார்கள் என்பதைப் பற்றியும் பேசப்போகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருத்துவச் செய்திகளைத் தமிழ் மக்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறவன். அந்த உரிமையில்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

இப்போது எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். கூச்சப்பட வேண்டாம். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். கீழுதட்டை இரண்டு பக்கமும் கீழ்நோக்கி இழுங்கள். கழுத்தில் விரலை வைத்துப் பாருங்கள். தாடைக்குக் கீழிருந்து காறை எலும்பு வரைக்கும் கயிறு கட்டியதுபோல் எழும்பி நிற்கிறதே, அதைத்தான் நம் வீடுகளில் "கழுத்து நரம்பு புடைச்சிருக்கு" என்கிறோம். அது நரம்பு அன்று, தசை. பிளாட்டிஸ்மா என்று மருத்துவர்கள் அழைக்கும் தசை. மார்பின் மேற்பகுதியில் தொடங்கி, கழுத்தின் முன்புறம் முழுவதும் மேலேறி, கீழ்த்தாடை வரை போய்ச் சேர்கிறது. தோலுக்கு நேர் கீழே, மெல்லிய மல் துணியைப் போலப் பரந்து கிடக்கிறது. இளமையில் மேலே உள்ள தோலும் கொழுப்பும் அதை மறைத்துவிடும். வயதாக ஆகத் தோல் மெலியும், தசையின் ஓரங்கள் விலகும், பேசும்போதும் முகம் சுளிக்கும்போதும் அந்த ஓரங்கள் இறுகிப் பட்டைகளாகத் தெரியும். இது நோயா? நோய் அன்று. வலிக்குமா? வலிக்காது. உயிருக்கு ஆபத்தா? எள்ளளவும் இல்லை.

இந்த மூன்று விடைகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இவைதான் அடிப்படை.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் குறுக்காக, ஆரம் போட்டதுபோல் ஓடும் கோடுகள் வேறு. அவை தோலின் மடிப்புகள். நம் சிற்பிகள் அவற்றை அழகின் இலக்கணமாகவே வைத்தார்கள். எம்பிரஸ் பிளேஸில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் போய்ச் சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அவற்றின் கழுத்தைப் பாருங்கள். சங்கின் வரிகளைப் போல மூன்று வரிகள் இருக்க வேண்டும் என்பது சிற்ப மரபு. இன்று விளம்பரங்கள் எதை மறைக்கச் சொல்கின்றனவோ, அதை நம் முன்னோர் வடித்தெடுத்து வணங்கினார்கள். அழகு என்பது காலத்துக்குக் காலம் மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நான் பேசும் ஊசி அந்தக் குறுக்கு வரிகளுக்கு உரியதன்று. தொங்கிய தோலை அது தூக்கவும் தூக்காது. இறுகும் தசையைத் தளர்த்தும். அவ்வளவுதான் அதன் வேலை. இந்த வேறுபாடு தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

சரி, அந்த ஊசியில் என்ன இருக்கிறது?

அதில் இருப்பது ஒரு நஞ்சு. மனிதன் அறிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடியதான பொட்டுலினம் நச்சு. கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரி, காற்றுப் புகாத இடத்தில், கெட்டுப்போன உணவில் அதை உண்டாக்குகிறது. தசைக்கு "சுருங்கு" என்று நரம்பு அனுப்பும் வேதிச் செய்தியை அது தடுத்துவிடும். செய்தி வராத தசை சுருங்காது. இந்த நஞ்சு உணவு வழியாக உடலெங்கும் பரவினால் மூச்சுத் தசையும் சுருங்காது, ஆள் இறந்துபோவார். மிக மிகச் சிறிய அளவில் ஒரே தசைக்குள் செலுத்தினால் அந்தத் தசை மட்டும் மூன்று நான்கு மாதங்களுக்கு ஓய்ந்திருக்கும், பிறகு மெல்ல மீளும். நூறு யூனிட் கொண்ட ஒரு குப்பியில் இருக்கும் நச்சுப் புரதம் சில நானோகிராம்தான். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாத அந்த அளவுக்கு இத்தனை வலிமை.

இப்படிப்பட்ட நஞ்சை முதலில் யார் மேல் சோதித்தார்கள்?

ஜெர்மனியில் யுஸ்டினஸ் கெர்னர் என்று ஒரு மருத்துவர் இருந்தார். கவிஞரும்கூட. கெட்டுப்போன தொத்திறைச்சியைத் தின்று மக்கள் செத்ததைப் பார்த்து, 1820இலும் 1822இலும் அந்த நோயைப் பற்றி விரிவாக எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. அந்த இறைச்சிச் சாற்றை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், பிறகு தாமே கொஞ்சம் உட்கொண்டும் பார்த்தார். அளவாகக் கொடுத்தால் இந்த நஞ்சே ஒருநாள் மருந்தாகும் என்றும் எழுதி வைத்தார். முதலில் சோதிக்கப்பட்ட மனித உடல் மருத்துவரின் சொந்த உடல்.

1895 டிசம்பரில் பெல்ஜியம் நாட்டில் எல்செல் என்ற ஊரில் ஓர் இழவு வீடு. அங்கே வாசிக்கப் போன இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றி இறைச்சியைச் சாப்பிட்டார்கள். பலர் படுத்தார்கள், மூவர் மாண்டார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கெம் இந்த நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தார். அந்த இசைக் கலைஞர்கள் எந்தச் சோதனைக்கும் சம்மதித்தவர்கள் அல்லர். ஆனாலும் அவர்கள் உடல்கள்தான் உலகத்துக்குப் பாடம் சொல்லின.

அதன் பிறகு சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர். மாறுகண்ணைக் கத்தி வைக்காமல் சரிசெய்ய முடியுமா என்று தேடியவர். முதலில் குரங்குகளின் கண் தசையில் செலுத்திப் பார்த்து 1973இல் வெளியிட்டார். பின்பு முறையாக அனுமதி பெற்று மனிதர்களிடம் சோதித்தார், 1980இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். 1989 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் மாறுகண்ணுக்கும் கட்டுக்கடங்காமல் இமை துடிக்கும் நோய்க்கும் அதை மருந்தாக ஏற்றது. கவனியுங்கள். இங்கே சோதனைக்கு வந்தவர்கள் நோயாளிகள். பார்வை நேராக வேண்டும், இமை திறக்க வேண்டும் என்ற தேவையோடு வந்தவர்கள். ஊசியில் ஆபத்து இருந்தால் அதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்து எடை போட ஒரு நோய் இருந்தது.

இனிமேல்தான் கதை திரும்புகிறது.

கனடாவின் வான்கூவர் நகரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் மருத்துவர் 1987இல் இமைத் துடிப்பு நோயாளிகளுக்கு இந்த ஊசியைப் போட்டுவந்தார். ஒரு நோயாளி, "புருவ நடுவில் போட மாட்டீர்களா? அங்கே போட்டால் முகமே அமைதியாகிவிடுகிறதே" என்ற பொருளில் கேட்டாராம். ஜீனின் கணவர் அலஸ்டர் தோல் மருத்துவர். இருவரும் பேசினார்கள். மறுநாளே புருவ நடுவில் அழகுக்காக ஊசி போடப்பட்டது. யாருக்கு? அவர்களுடைய மருத்துவமனையின் வரவேற்பாளருக்கு. அந்த அம்மையார் மனமுவந்து வந்தவர். பின்னாளில் அதை மகிழ்ச்சியோடு சொல்லியும் இருக்கிறார். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ஒரு கேள்வி எனக்குள் எழுகிறது. சம்பளம் கொடுக்கும் முதலாளி கேட்கும்போது, "எனக்கு வேண்டாம் டாக்டர்" என்று சொல்ல எத்தனை பேருக்கு நா எழும்? அந்த அம்மையாருக்கு எழுந்திருக்கலாம். எல்லோருக்கும் எழுமா? நெறிமுறைக் குழுக்கள், தன் ஊழியர்மேலும் மாணவர்மேலும் சோதிப்பவர்களை இருமுறை கேள்வி கேட்பதற்குக் காரணம் இதுதான்.

அந்தத் தம்பதியர் 1992இல் தங்கள் கட்டுரையை வெளியிட்டார்கள். பத்தாண்டுக்குப் பின், 2002 ஏப்ரலில், புருவ நடுக் கோடுகளுக்கு அமெரிக்கா ஒப்புதல் தந்தது. 2013இல் கண்ணோரச் சுருக்கங்களுக்கு. 2017இல் நெற்றிக் கோடுகளுக்கு. 2024 அக்டோபரில்தான் கழுத்துப் பட்டைகளுக்கு. புருவத்திலிருந்து கழுத்துக்கு இறங்கிவர இந்த ஊசிக்கு 22 ஆண்டுகள் ஆயின.

ஏன் இத்தனை காலம்? நெற்றியில் தசைக்குக் கீழே இருப்பது எலும்பு. கழுத்தில் தசைக்குக் கீழே இருப்பது என்ன? விழுங்கும் தசைகள் இருக்கின்றன. குரல்வளை இருக்கிறது. தலையை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் இருக்கின்றன. மெல்லிய பிளாட்டிஸ்மாவைத் தாண்டி மருந்து கொஞ்சம் உள்ளே கசிந்தால் ஒருவாய்த் தண்ணீர் குடிப்பதே பாடாகிவிடும். கழுத்து கோணி இழுக்கும் நோய்க்கு இந்த மருந்து 2000ஆம் ஆண்டிலேயே ஒப்புதல் பெற்றது. அங்கே செலுத்தும் அளவு அதிகம், விழுங்குவதில் சிரமம் என்பதும் அப்போதே நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. அழகுக்காகக் கழுத்தில் தாராளமாக ஏற்றிக்கொண்ட சிலருக்கும் அதே தொல்லை வந்ததாக மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. 2009இல் அமெரிக்க நிர்வாகம், ஊசி போட்ட இடத்திலிருந்து மருந்து பரவி விழுங்குதலையும் மூச்சையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையைக் கட்டம் கட்டி இந்த மருந்தின் தாளில் அச்சிட வைத்தது. இன்றும் அந்தக் கட்டம் இருக்கிறது. உங்களில் எத்தனை பேருக்கு அதை யாராவது காட்டியிருப்பார்கள்?

ஒப்புதல் இல்லாத காலத்தில் கழுத்தில் ஊசி போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டார்கள், நிறையவே போட்டார்கள். 1990களிலிருந்தே போட்டார்கள். எகிப்து அரசி நெஃபெர்டிட்டியின் சிலையில் உள்ள கூர்மையான தாடை விளிம்பை நினைவூட்டும்படி "நெஃபெர்டிட்டி லிஃப்ட்" என்ற பெயரே 2007இல் மருத்துவ ஏட்டில் வந்துவிட்டது. பதிவு செய்யப்பட்ட பயனுக்கு அப்பால் மருத்துவர் தம் பொறுப்பில் ஒரு மருந்தைக் கொடுப்பது சட்டவிரோதம் அன்று. ஆனால் அப்படி நடந்த அத்தனை ஊசியிலும் என்ன ஆயிற்று என்று ஒருவரும் முறையாகக் குறித்து வைக்கவில்லை. ஒருவர் இருபது யூனிட் போட்டார், இன்னொருவர் அதைப்போல் பல மடங்கு போட்டார். யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்ற கணக்கு எங்கே? என்னைக் கேட்டால், அந்த முப்பது ஆண்டுகளும் ஒரு பெரிய சோதனைதான். பங்கேற்றவர்களுக்குத் தாங்கள் பங்கேற்கிறோம் என்றே தெரியாத சோதனை.

அதனால்தான் முறையான சோதனையை நான் வரவேற்கிறேன். பெரியோர்களே, முறையான சோதனை என்றால் என்ன என்று பொறுமையாகக் கேளுங்கள். இதுதான் இன்றைய உரையின் நடுப்பகுதி.

கழுத்துப் பட்டைக்கான இறுதிக் கட்டச் சோதனைகளை அந்த மருந்தின் உரிமையாளரான ஆப்வி நிறுவனம் நடத்தியது. வயதுவந்தோர், பட்டைகள் ஓரளவிலிருந்து கடுமை வரை தெரிகிறவர்கள் சேர்க்கப்பட்டார்கள். பட்டை எவ்வளவு தெரிகிறது என்பதை அளக்கப் படிநிலை அளவுகோல் ஒன்று. பல்லைக் கடித்து இழுக்கும்போது எப்படித் தெரிகிறது என்று பார்த்துத் தரம் போடுவார்கள். சற்று முன் நாம் செய்தோமே, அதேதான். பின்பு குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரிப்பார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றவர்களுக்கு நச்சு இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்று ஊசி போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. தாடை விளிம்பிலும் பட்டைகளின் நெடுகிலும் சிறுசிறு துளிகளாக மருந்து போகும். பதினான்காம் நாள் திரும்பப் பார்ப்பார்கள். மருத்துவரும் தரம் போடுவார், ஊசி போட்டுக்கொண்டவரும் தமக்குத் தாமே தரம் போட்டுக்கொள்வார். இருவர் கண்ணிலும் குறைந்தது இரண்டு படி முன்னேற்றம் தெரிந்தால்தான் வெற்றி என்று கணக்கு. அதன் பிறகு நான்கு மாதம் வரை கண்காணிப்பு. இப்படிச் சோதித்துத்தான் பட்டையின் கடுமையைப் பொறுத்து 26, 31 அல்லது 36 யூனிட் என்று அளவு முடிவாயிற்று. பல ஆண்டுகளாகக் கைக்கு வந்தபடி போட்ட ஊசிக்கு ஒரு வரம்பு கிடைத்தது. வெற்று ஊசிக் குழுவைவிட மருந்துக் குழு தெளிவாக முன்னேறியதால்தான் ஒப்புதல் கிடைத்தது.

வெற்று ஊசி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். "சும்மா உப்புத் தண்ணி போட்டு ஏமாத்துறாங்களா?" என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். ஏமாற்று அன்று, ஐயா. அழகு என்பது பார்ப்பவர் மனத்தையும் சேர்ந்தது. ஊசி போட்டுக்கொண்டேன் என்ற நினைப்பே கண்ணாடியில் வேறு முகத்தைக் காட்டும். அந்த நினைப்பின் பங்கைக் கழித்தால்தான் மருந்தின் பங்கு தெரியும். வெற்று ஊசி உங்களுக்குக் கிடைக்கக்கூடும் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லாமல் எந்த முறையான சோதனையும் உங்களைச் சேர்க்காது. சொல்லிவிட்டுச் செய்வது ஏமாற்று ஆகாது.

இந்த மருந்தின் யூனிட் என்பது என்ன, தெரியுமா? ஒரு கூட்டம் சுண்டெலிகளில் பாதியைக் கொல்லும் அளவுதான் ஒரு யூனிட். ஒவ்வொரு தொகுதி மருந்தையும் அப்படித்தான் நெடுங்காலம் அளந்தார்கள். 2011இல்தான் எலி இல்லாமல் ஆய்வகத்து உயிரணுக்களைக் கொண்டே அளக்கும் முறையை அமெரிக்க நிர்வாகம் ஏற்றது. நம் கழுத்து அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக எத்தனை சிற்றுயிர்கள் போயின என்பதையும் மனச்சாட்சி உள்ளவர்கள் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஒரு பெயரில் விற்கும் மருந்தின் யூனிட் இன்னொரு பெயரில் விற்கும் மருந்தின் யூனிட்டுக்குச் சமம் ஆகாது என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "அங்கே நாற்பது யூனிட் மலிவு" என்று சொல்லிக்கொண்டு ஓடாதீர்கள். எந்த மருந்தின் நாற்பது என்று கேளுங்கள்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன்.

புற்றுநோய் மருந்தைச் சோதிக்கும்போது நோயாளி சொல்வார்: "எனக்கு வேறு வழியில்லை, ஆபத்து இருந்தாலும் பார்க்கலாம்." அது நியாயம். மாறுகண்ணுக்கும் அந்த நியாயம் உண்டு. கழுத்துப் பட்டைக்கு? நோய் அன்று என்று சொன்னோம். வலி இல்லை என்று சொன்னோம். உயிர் ஆபத்து இல்லை என்று சொன்னோம். அப்படியானால் தராசின் மறுதட்டில் வைக்க என்ன இருக்கிறது? மனநிறைவு மட்டும்தான் இருக்கிறது. மனநிறைவைச் சிறியது என்று நான் சொல்லவில்லை. மகள் திருமணப் படத்தில் தன் கழுத்தைப் பார்த்து ஒரு தாய் வருந்தினால், அந்த வருத்தம் உண்மையானது. வயதான கழுத்தை மறைக்க விரும்புகிற ஆணும் இருக்கிறார், அவரை நகைக்கவும் நமக்கு உரிமை இல்லை. ஆனால் நலமாக இருக்கும் ஒருவர் மேல் ஊசியை வைக்கும்போது, நோயாளிக்குச் சொல்வதைவிட அதிகம் சொல்ல வேண்டும், நோயாளியைப் பார்ப்பதைவிட அதிக நாள் பார்க்க வேண்டும், நோயாளியிடம் கேட்பதைவிட அதிகமுறை கேட்க வேண்டும். அழகுச் சிகிச்சைதானே என்று தளர்த்தக் கூடாது, அழகுச் சிகிச்சை என்பதாலேயே இறுக்க வேண்டும். இதுதான் என் கட்சி. இதற்காகத்தான் இன்று இந்த மேடைக்கு வந்தேன்.

நம் சிங்கப்பூரில் நிலை என்ன?

மருந்தும் மருந்துச் சோதனையும் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பார்வையில் நடக்கின்றன. எந்தச் சோதனையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற பிறகே தொடங்கும். மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் 2015இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சிகிச்சை மருந்துகளின் சோதனைக்கான விதிகள் 2016இல் வந்தன. அழகுச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கென்று 2008இலேயே தனி வழிகாட்டி நெறிகள் வகுக்கப்பட்டன. இந்த ஊசியைப் பதிவு பெற்ற மருத்துவர்தான் போட வேண்டும். அழகு நிலையப் பணியாளர் போடக் கூடாது. மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து இதற்குப் பணம் எடுக்கவும் முடியாது.

இந்த ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை, அன்பர்களே. 2003ஆம் ஆண்டை மூத்தோர் நினைவில் வைத்திருப்பீர்கள். பார்க்கின்சன் நோயாளிகளைக் கொண்டு இங்கே நடந்த ஓர் ஆய்வைப் பற்றி விசாரணைக்குழு அமைந்தது. நோயாளிகளின் விவரங்கள் அவர்கள் சம்மதமில்லாமல் திரட்டப்பட்டன, அவர்களுடைய பாதுகாப்பு கவனிக்கப்படவில்லை என்று குழு முடிவு செய்தது. ஆய்வை நடத்திய பேராசிரியர் அதை மறுத்தார். பின்பு பிரிட்டனின் மருத்துவ மன்றம் அவர்மேல் நடவடிக்கை எடுக்கவும் இல்லை. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இவ்வளவு ஒழுங்கான நாட்டில், இவ்வளவு படித்தவர்கள் நடுவில், "என்னிடம் சரியாகக் கேட்டீர்களா?" என்ற கேள்வி எழுந்ததே, அதைத்தான் சொல்கிறேன். அந்தக் கேள்விதான் பின்வந்த எல்லாச் சட்டங்களுக்கும் வேர்.

கேட்பது என்றால் எந்த மொழியில் கேட்பது? தமிழ் இந்த நாட்டின் அதிகாரத்துவ மொழி. மருந்துச் சோதனைக்கு ஒருவரைச் சேர்க்கும்போது அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது அனைத்துலக நெறி. அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், சோதனையோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். ஆனால் நம் மக்கள் என்ன செய்கிறார்கள்? பத்துப் பதினைந்து பக்கம் ஆங்கிலத்தில் நீட்டினால், "டாக்டர் சொன்னா சரிதான்" என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். மருத்துவரிடம் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். அம்மா, அது மரியாதைக் குறைவு இல்லை. "எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. "வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்வதும் உரிமை. "நாளைக்கு விலகிக்கொள்கிறேன்" என்று சொல்வதும் உரிமை. விலகுவதற்குக் காரணம் சொல்லத் தேவையே இல்லை.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள். "நம்மைப் போன்றவர்கள் எத்தனை பேர் இந்தச் சோதனையில் இருந்தார்கள்?" என்று கேளுங்கள். தோலின் நிறத்தைப் பிரித்துப் பார்க்க ஃபிட்ஸ்பாட்ரிக் என்பவர் 1975இல் ஒரு வகைப்பாட்டைத் தொடங்கி வைத்தார். வெளுத்த தோல் முதலில், கறுத்த தோல் ஆறாவதாக வரும். நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து, ஆறு. நம் தோலில் காயம் பட்டால் அந்த இடம் கறுத்து நெடுநாள் நிற்கும், உங்களுக்கே தெரியும். கழுத்தின் அமைப்பும் தோலின் தடிப்பும் எல்லா மக்களுக்கும் ஒன்றா? வேறு மக்கள் மேல் சோதித்த மருந்தை நமக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளலாமா? மருத்துவர் உங்களுக்கு விடை சொல்லட்டும். நம்மைப் போன்றவர்கள் சோதனைகளில் இடம்பெற வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். ஒதுங்கி நிற்கச் சொல்லவில்லை. போனால் கண் திறந்து போக வேண்டும், அவ்வளவுதான். பணம் கிடைக்கிறதே என்று மட்டும் போகாதீர்கள். குறிப்பாக, சம்பளத்துக்கு இங்கே வந்து உழைக்கும் நம் தமிழ்நாட்டுத் தம்பிகளுக்குச் சொல்கிறேன், உங்களை நம்பி ஊரில் ஒரு குடும்பமே இருக்கிறது. "எனக்கு ஏதாவது ஆனால் செலவை யார் ஏற்பார்கள்?" என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள்.

சோதனைக்குப் போகிறவர்களைவிட நான் அஞ்சுவது வேறு சிலருக்காக. சோதனையும் இல்லாமல், மருத்துவமும் இல்லாமல், ஹோட்டல் அறையிலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் படுக்கை அறையிலும் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்காக அஞ்சுகிறேன். கைத்தொலைபேசியில் விளம்பரம் வருகிறது. பாதி விலை, வீட்டுக்கே வருவேன் என்கிறார்கள். இப்படி ஊசி போட்டவர்களைச் சுகாதார அறிவியல் ஆணையம் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறது. ஆனாலும் நிற்கவில்லை. 2024இல் அமெரிக்காவில் போலி ஊசியாலும் முறையற்ற ஊசியாலும் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டதாகவும், பாதிப் பேர் மருத்துவமனையில் சேர்ந்ததாகவும் ஒரு கட்டத்தில் அறிவிக்கப்பட்டது. மருத்துவர் கையில் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2019இல் இங்கே ஓர் அழகு மருத்துவ நிலையத்துக்குப் போன பெண்ணுக்கு, இந்த நச்சு மருந்தோடு தொடர்பே இல்லாத வேறொரு மருந்து இரத்த நாளத்தின் வழியாக ஏற்றப்பட்டது. உடலின் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்து இழுக்கும் மருந்து அது. அவர் உயிர் போயிற்று. 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவர் திரும்பி வரவில்லை. இருவரும் நலமாக நடந்து போனவர்கள். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, பிடோக் வாழ் அன்பர்களே, உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கழுத்துக்கு ஊசி வேண்டுமென்று முடிவு செய்தால், போடுபவர் பதிவு பெற்ற மருத்துவரா என்று சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பட்டியலில் பாருங்கள். அவர் திறக்கும் குப்பியின் பெயரையும் தொகுதி எண்ணையும் உங்கள் கண்ணால் படியுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். இந்த மருந்து இங்கே எந்தெந்தப் பயனுக்குப் பதிவாகியிருக்கிறது, அதில் கழுத்து உண்டா என்று நேருக்கு நேர் கேளுங்கள். கருவுற்றிருந்தால், பாலூட்டினால், தசைத் தளர்ச்சி நோய் இருந்தால், ஏற்கெனவே விழுங்கச் சிரமம் இருந்தால் கேட்காமலே சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பின் சில நாட்களிலோ சில வாரங்களிலோ விழுங்க முடியாமல் போனால், குரல் மாறினால், மூச்சு முட்டினால், ஊசி போட்டவருக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். 995ஐ அழையுங்கள், அல்லது உடனே சாங்கி பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பிடோக்கிலிருந்து அது பக்கத்தில்தான், சீமெயில் இருக்கிறது.